அத்தையின் வலது கை

அத்தையின் வலது கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். அது அடித்த கை இல்லை. என்னை என்ன, ஒரு கன்றுக்குட்டியைக்கூட அது ஓங்கி அடித்ததில்லை. ஆனால் அந்தக் கை அடுத்து எங்கே போய் எதற்குள் நுழையுமோ என்கிற பயத்திலேயே அந்த வீட்டில் என் முதல் இரண்டு வருஷமும் ஓடியது.

அத்தை என்றால் என் மாமியார். எதையும் கையை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். கண்ணால் பார்ப்பதும் பிறர் சொல்லிக் கேட்பதும் அவருக்குப் பாதி சேதிதான். தவளக்குப்பம் மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். மாட்டுக்குக் காய்ச்சிய கஞ்சி ஆறிவிட்டதா என்று விரலை முக்கிப் பார்ப்பார். ஆறியிருக்காது. "இன்னும் ஆறல" என்று சொல்லிவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொள்வார். ஒருமுறை கோழி எங்கேயோ திருட்டுத்தனமாக முட்டை வைக்கிறது என்று வைக்கோல் போருக்குள் கையை விட்டவர், ஒரு சாரைப்பாம்பை வெளியே இழுத்தார். "அட, நீதானா?" என்று அதனிடம் சொல்லி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டார். முட்டைக்காகக் கூடையோடு பக்கத்தில் நின்றிருந்த நான் கூடையை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடியவள்தான், மாலை வரை வெளியே வரவில்லை.

நான் குருசுக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். ஆள் உயர மீனைக் கழுவி வெட்டச் சொன்னால் வெட்டுவேன். மாட்டையும் நாயையும் கண்டால் மட்டும் எனக்குக் கை கால் ஓடாது. அப்படிப்பட்டவள் டவுனில் வேலை பார்த்த இடத்தில் செந்திலைப் பார்த்து, பிடித்துப்போய், அவர் வீட்டில் மாட்டுப் பண்ணை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் சரி என்றேன். காதலுக்குக் கண் இல்லை என்பதை நான் மாட்டுக் கொட்டகையில்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டார்கள். பிறகு அத்தை மட்டும் இரண்டு ஊருக்கும் நடுவிலிருக்கும் ஆற்றைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் உட்காரவில்லை. வாசலில் இருந்த அம்மாவின் மீன் கூடைக்குள் கையை விட்டார். ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து உள்ளே விரலை நுழைத்துப் பார்த்தார். எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. "பரவால்ல, இன்னிக்கிப் புடிச்சதுதான். பொய் சொல்லாத வூடு" என்றார். என் கல்யாணம் அப்படித்தான் முடிவானது.

பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அரியாங்குப்பத்துக்கும் தவளக்குப்பத்துக்கும் நடுவே, கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஓட்டு வீடு, நீளமான கொட்டகை, பின்னால் கொஞ்சம் புல் நிலம். கறவையும் கன்றுமாக இருபதுக்கு மேல் இருக்கும். மாமனார் செந்திலின் சின்ன வயதிலேயே போய்விட்டார். அத்தையும் மூன்று நாய்களும்தான் அத்தனை மாட்டையும் கட்டி மேய்த்தார்கள்.

கருப்பன், ராணி, முசே. முசே உடம்பெல்லாம் வெள்ளை. யாரையும் லட்சியம் செய்யாமல் நிமிர்ந்து நடக்கும். இந்த ஊரில் அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்கார துரைகளை 'முசே' என்றுதான் கூப்பிடுவார்களாம். காலையில் மாடுகளை ஆற்றோரம் ஓட்டிப் போகும்போது முசே முன்னால் போகும், மற்ற இரண்டும் பின்னால். கடலூர் ரோடு வந்ததும் முசே குறுக்கே நின்றுகொள்ளும். பஸ்ஸும் லாரியும் அலறிக்கொண்டு போகும். அத்தை நாக்கைச் சொடுக்கும் வரை ஒரு மாடு ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. மேய்ச்சலில் ஒரு கன்று பிந்திவிட்டால் முசே திரும்பி வராது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அத்தை போய் இரண்டையும் கூட்டி வருவார்.

கொட்டகையின் மூலையில் பனைமரத்தடியில் முனீஸ்வரன். ஒரு கல், ஒரு சூலம், ஒரு மண் நாய். அத்தை கறக்கும் முதல் பால் அந்தக் கல்லுக்குத்தான். அதுவரை மூன்று நாய்களும் வரிசையாக உட்கார்ந்து கிடக்கும். "மொதல்ல சாமிக்கு, அப்பறம் கன்னுக்கு, அப்பறம் நாய்ங்களுக்கு. மிச்சந்தான் நமக்கு" என்பார். நாய்கள் முனீஸ்வரனுடையவை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாமி நாய்க்கு ஊசி எதற்கு என்று கேட்பார். செந்தில் ஒரு தடவை அவருக்குத் தெரியாமல் கருப்பனையும் ராணியையும் ஊசி முகாமுக்குக் கொண்டுபோய் வந்தார். முசேவை அவரால் பிடிக்க முடியவில்லை. அத்தையைத் தவிர யாருக்கும் அது பிடி கொடுக்காது.

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆரத்தி சுற்றி முடித்ததும் அத்தை என் வலது கையைப் பிடித்து நேரே கொட்டகைக்கு அழைத்துப் போனார். மூன்று நாய்களும் எழுந்து வந்தன. என் காலைச் சுற்றி முகர்ந்தன. நான் பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மோப்பம் புடிச்சது போதாதும்மா. வாயில வெய்யி" என்றார்.

"இன்னாது அத்த?"

"கைய. அதுங்க வாயில வெய்யி. அப்பதான் வூட்டு ஆளுன்னு தெரியும்."

நான் செந்திலைப் பார்த்தேன். அவர் சிரித்தார், பாவி. அதற்குள் அத்தை முசேவின் முன்னால் குந்தி, "ஆ" என்றார். அது உட்கார்ந்து வாயை அகலத் திறந்தது. அத்தை முதலில் தன் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு எடுத்தார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். சூடு, ஈரம், பல்லின் முனை. முசே வாயை மெதுவாக மூடியது, அழுத்தவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தது. பிறகு விட்டுவிட்டது. நான் அழுதுவிட்டேன். அத்தை என் கையைத் தன் முந்தானையில் துடைத்து, "அவ்ளோதான். இனிமே உன் மேல எவனாச்சும் கை வெச்சா அவன் கத முடிஞ்சிது" என்றார். அவரைப் பொறுத்தவரை எனக்குத் தாலி ஏறியது அப்போதுதான்.

அந்தக் கையை நான் வெறுத்ததாக எண்ணிவிடாதீர்கள். அது எத்தனை கன்றுகளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது. கால் மடங்கி மாட்டிக்கொண்ட கன்றை, தோள் வரை கையை விட்டுத் தடவி, திருப்பி, தலை முன்னால் வர வைத்து இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ராணி தின்ற எலும்பு தொண்டையில் சிக்கி அது மூச்சுக்குத் திணறியபோது, அத்தை இரண்டு விரலை உள்ளே விட்டு அதை எடுத்துக் காட்டினார். ஒரு மாட்டின் தொண்டையிலிருந்து மாங்கொட்டையை எடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் மாடு வாயடைத்து நின்றாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் இனி நான் சொல்லப்போவதும் நடந்தது.

நான் ஐந்து மாதம் வயிற்றுப் பிள்ளையோடு இருந்த சமயம். ஆற்றோர மேய்ச்சலில் எங்கிருந்தோ ஒரு ஊர்நாய் மாடுகளுக்குள் புகுந்துவிட்டது என்றும், முசே அதோடு உருண்டு புரண்டு விரட்டியடித்தது என்றும் அத்தை ஒருநாள் பெருமையோடு வந்து சொன்னார். முசேவின் காது கிழிந்திருந்தது. செவலை மாட்டின் மூக்கோரம் ஒரு கீறல். இரண்டுக்கும் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அவரே தடவினார். ஆறிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

சில வாரம் கழித்துச் செவலை தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. கத்தினால் குரல் கரகரத்தது. மாம்பழக் காலம். அத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"கொட்ட மாட்டிக்கிச்சு. செந்திலு, கயித்தப் புடி."

செந்தில் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தார். நான் டார்ச் அடித்தேன். அத்தை நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டார். விரல், மணிக்கட்டு, முழங்கை. அன்று காலையில் புல் அறுக்கும்போது கருக்கரிவாள் பட்ட கீறல் அந்தக் கையில் இருந்தது. செவலை தலையை உதறியது. கடைவாய்ப் பல் உரசி இன்னும் நாலைந்து சிராய்ப்பு. கையை வெளியே எடுத்தவர், நூல் நூலாக எச்சில் வடிய, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியே" என்றார். அவர் கைக்கு ஒன்றும் கிடைக்காமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் இன்னொரு முறை விட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை மாட்டு டாக்டர் வந்தார். கொட்டகைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று செவலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் வாளியை அதன் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னார். அது வாளிக்கு வந்தது, குடிக்க முடியவில்லை. "சமீபத்துல எதனா நாய் கடிச்சுதா?" என்று கேட்டார். செந்தில் ஆற்றோரச் சண்டையைச் சொன்னார். டாக்டரின் முகம் மாறியது.

"இது வெறி. வாயில யாருனா கை வெச்சீங்களா?"

செந்தில் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தன் வலது கையைப் பார்த்தார், பிறகு மெதுவாக அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை ஒளித்துவைப்பதைப் போல. எனக்கு அந்த நிமிடம் வந்த பயம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

டாக்டர் பம்புசெட் தண்ணீரில் சோப்புப் போட்டு அத்தையின் கையை ரொம்ப நேரம் கழுவ வைத்தார். "காயம் பட்ட கையி. இன்னிக்கே டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. காயத்துலயே போடற மருந்து அங்கதான் இருக்கும். நோயி வர்றதுக்கு மின்னாடி போட்டாத்தான் உண்டும்மா. வந்துட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். காய்ச்சாத பாலை யாராவது குடித்தார்களா என்றும் கேட்டார்.

நான் குடித்திருந்தேன். பிள்ளை தெம்பாக இருக்கும் என்று அத்தை தினமும் செவலையின் பாலைக் கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் என் வாயில் ஊற்றிவிடுவார். அந்த வாடை எனக்குக் குமட்டும். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். பாலில் வருவது அபூர்வம்தான், ஆனாலும் பாதுகாப்புக்குப் போட்டுக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். முசேவையும் தனியாகக் கட்டி வைக்கச் சொன்னார். இப்போதே ஊசி போட்டு அதன் சிரமத்தை முடித்துவிடுவது உத்தமம் என்றும் சொல்லிப் பார்த்தார். "நல்லா இருக்கற நாய இன்னாத்துக்கு கொல்றது?" என்று அத்தை கேட்டதும் அவர் வற்புறுத்தவில்லை.

இதில் வினை என்னவென்றால், அந்த வாரம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. அத்தை இடது மணிக்கட்டில் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் தீயில் இறங்கி முடிக்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஊருக்கு வடக்கே எல்லை ஆறு. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"தீமிதி முடியட்டும். வந்து போட்டுக்கிறேன்" என்றார்.

"அதுவரிக்கும் அது காத்துக்கினு இருக்குமாம்மா?" என்று செந்தில் கத்தினார். அப்புறம் அழுதார். அத்தை அசையவில்லை.

"எத்தினி வருசமா தீயில எறங்குறேன். ஒரு கொப்புளம் பாத்திருக்கியா நீ? நெருப்பே என்னிய ஒண்ணும் பண்ணல. மாட்டு எச்சியா பண்ணப்போவுது? காப்பக் கட்டிக்கினு எல்ல தாண்டனா குடும்பத்துக்கு ஆவாதுடா. வவுத்துப் புள்ளக்காரி இருக்கற வூடு."

அவர் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு நிமிடம் சரிதானே என்று தோன்றியது. அதுதான் அத்தையிடம் எனக்கு இருந்த பெரிய பயம். அவர் பக்கத்தில் நின்றால் அவர் நம்புவதை நாமும் நம்பிவிடுவோம்.

"நீ போயி போட்டுக்கினு வா பொண்ணே. செந்திலு கூட்டிப்போவான்" என்றார் என்னிடம்.

எனக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும். வயிற்றில் பிள்ளை வேறு. அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நடுக்கத்தில்தான் அந்தத் தைரியமும் வந்திருக்க வேண்டும். நேரே போய் முனீஸ்வரன் கல்லுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"நீங்க வந்தா நானும் வர்றேன். நீங்க வரலன்னா நானும் போட்டுக்க மாட்டேன். இங்கியே இருக்கலாம், மூணு பேரும்."

"மூணு பேரா? யாரு மூணு பேரு?"

நான் வயிற்றில் கையை வைத்தேன். அத்தை என் வயிற்றைப் பார்த்தார். வழக்கமாக இருந்தால் அவர் கைதான் முதலில் அங்கே வந்திருக்கும். அன்று வரவில்லை. முந்தானைக்குள்ளேயே இருந்தது.

"மெரட்றியா?"

"ஆமா. பயந்துக்கினுதான் மெரட்றேன்."

கொட்டகையில் செவலை கரகரத்த குரலில் கத்தியது. அத்தை எழுந்தார். பல்லாலும் விரலாலும் காப்பை அவிழ்த்து, முனீஸ்வரனின் சூலத்தில் கட்டினார். "நீயே வெச்சிரு. ஏதாச்சும் செய்யணும்னா என்னிய செய்யி. புள்ளைங்கள வுட்ரு" என்று கல்லிடம் சொன்னார். சாமியிடம் அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. அதுவரை எல்லாம் அதட்டல்தான்.

ஆட்டோ ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார். இடது கை என் கையைப் பிடித்திருந்தது. வலது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பாலம் முடிந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு சிராய்ப்பிலும் ஊசியைக் குத்தி மருந்து ஏற்றினார்கள். விரல் இடுக்கிலும் குத்தினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. "வலிச்சா கத்துங்கம்மா, பரவால்ல" என்றார் நர்ஸ். "கத்தி இன்னா ஆவப்போவுது" என்றார் அத்தை. என்னைப் பார்த்து, "நீ அந்தாண்ட திரும்பிக்க" என்றார். எனக்குக் கையில் ஒரு சின்ன ஊசிதான். நான்தான் ஊரைக் கூட்டினேன்.

செவலை அன்று சாயங்காலமே போய்விட்டது. குழி ஆழமாக வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். அத்தை வீட்டு வாசலிலிருந்தே பார்த்தார்.

அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயம் நான் பட்டது போதும், நீங்கள் வேறு எதற்கு. என் மகளும் நல்லபடியாகப் பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அத்தை இறந்தது அவள் பிறந்த பிறகு, நெஞ்சுவலியில். ஆனால் அப்போது அதெல்லாம் தெரியுமா? ஊசி எல்லாம் போட்டு முடிந்த பிறகும், அவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்தால் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு அவர் தொண்டையையே பார்ப்பேன். இறங்குகிறதா, இறங்குகிறதா என்று. அவருக்கும் தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே என் எதிரில் நின்று சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று சத்தமாகக் குடிப்பார். "போதுமா?" என்பார். நான் தலையாட்டுவேன். அடுத்த முறையும் பார்ப்பேன்.

தீமிதி அன்று அவர் தீக்குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றார். எல்லை தாண்டியவர் தீயில் இறங்க முடியாது. யாரும் எதுவும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வலது கையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தக் கை அப்படித்தான் எதிலாவது ஒளிந்துகொண்டிருந்தது. கஞ்சியில் விரல் வைப்பதில்லை. கடையில், "அரிசி நல்லாருக்குதா?" என்று வாயால் கேட்டார். கடைக்காரர் பயந்துபோய் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று செந்திலிடம் விசாரித்தாராம்.

முசேவைச் செவலை நின்ற இடத்தில் சங்கிலியில் கட்டியிருந்தோம். பிறந்ததிலிருந்து கழுத்தில் ஒரு கயிறுகூட ஏறாத நாய். முதல் சில நாள் ஊளையிட்டது. மாடுகள் வெளியே கிளம்பும் நேரம் வந்தால் சங்கிலி அறுந்துவிடும் போல இழுக்கும். கருப்பனும் ராணியும் பாவம், தங்களால் ஆனதைச் செய்தன. ரோட்டில் மாடுகள் அவற்றை மதிக்கவே இல்லை. அத்தை தயிர்ச்சோற்றைத் தட்டில் போட்டு, கழியால் முசேவிடம் தள்ளிவிட்டு, சங்கிலி எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொள்வார். அது சாப்பிடாமல் அவர் கையையே பார்க்கும். முதல் உருண்டை எப்போதும் அவர் கையால் வாயில் வைப்பது வழக்கம். "நீயே துன்றா ராசா. எனக்கு கை முடியல" என்பார்.

வாரங்கள் போயின. காது ஆறி, மயிர்கூட முளைத்துவிட்டது. தப்பித்துவிட்டது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தோம்.

ஒருநாள் காலை மாடுகள் கிளம்பியபோது முசே இழுக்கவில்லை. நானும் அத்தையும் போய்ப் பார்த்தோம். உட்கார்ந்திருந்தது. வாய் திறந்தபடி தொங்கியது. எச்சில் மார்பெல்லாம் வழிந்து ஈரம். மூட முடியவில்லை. சீறவில்லை, உறுமவில்லை. அத்தையை மட்டும் பார்த்தது.

"எலும்பு மாட்டிக்கிச்சு" என்றார் அத்தை.

"எலும்பு எங்க அத்த போட்டோம்? தயிர்சோறுதான போட்றோம்?"

"எங்கனா பொறுக்கித் துன்னிருப்பான்."

"சங்கிலியிலதான அத்த இருக்கான்."

"காக்கா கீக்கா போட்டிருக்கும்டி. பாரு, மூச்சு வுட முடியல பாரு அவனால." ஓர் அடி முன்னால் வைத்தார். "ஒரே ஒருவாட்டி பாத்துட்றேன். ஊசிதான் போட்டுக்கினனே."

இத்தனை நாள் ஒளிந்திருந்த கை முந்தானையிலிருந்து வெளியே வந்துவிட்டது. நான் அதன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செந்தில் பேரைச் சொல்லி அலறினேன். அவர் ஓடி வந்து பார்த்து, அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். ஏழு மாத வயிற்றோடு என்னால் நிற்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தேன், கையை மட்டும் விடவில்லை. அத்தையும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று. கன்று இழுத்த கை, என்ன பலம்! எனக்குள் இருந்த பயமெல்லாம் சேர்ந்துதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. முசே சங்கிலி எட்டும் வரை தள்ளாடி வந்து, எங்கள் எதிரே, நான் கல்யாணமாகி வந்த அன்று உட்கார்ந்த அதே மாதிரி உட்கார்ந்தது. வாயைத் திறந்தபடி.

"பாருடி, அவனே தெறந்து காட்றான். வுட்றி. கைய வுட்றி."

"மாட்டேன் அத்த."

"உன் கால்ல வேணா வுழறேன்டி."

"மாட்டேன்."

டாக்டர் வரும் வரை இதையேதான் இருவரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவரும் இன்னொருவரும் கையுறை போட்டுக்கொண்டு, நீளக் கழியில் சுருக்குக் கயிற்றோடு வந்தார்கள். அவர் கொட்டகைக்குள் நுழையும் முன் அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

"டாக்டரு, எதனா பண்றதுக்கு மின்னாடி தொண்டையில எலும்பு கீலும்பு இருக்குதான்னு ஒருவாட்டி பாத்துடுங்க."

டாக்டர் அவரைப் பார்த்தார். "பாக்கறேம்மா" என்றார்.

உள்ளே ரொம்ப நேரம் ஆகவில்லை. சத்தமும் பெரிதாக இல்லை. சங்கிலி ஒரு முறை தரையில் உரசியது கேட்டது. டாக்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"இருந்துச்சா?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

அத்தை எழுந்து உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. பிறர் சொல்லி அவர் ஒன்றை முழுதாக நம்பியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்போதுதான் அந்தக் கை என் கைக்குள் இழுப்பதை நிறுத்தியது.